செத்த வீட்டுக் கிற்றார்

அப்பாவின் சீடியைப் பற்றி எங்கள் ஊரில் முதன்முதலாக அபிப்பிராயம் சொன்னவர் ஒரு சம்மாட்டி. படகுகளும் கரையில் பெரிய மீன் வாடியும் வைத்திருந்தவர். தன்னுடைய வாகனத்தில் அதைப் போட்டுவிட்டுக் கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கூட்டினார். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"என்ன தம்பி, அண்டைக்கு ட்ரம்ஸ்காரன் வரேல்லையா?"

வாகனத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான்தான் அந்தச் சீடியின் அட்டையைச் செய்தவள். அதில் இருந்த ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் வைத்தவள்.

அப்பா கிற்றாரில் றொக் வாசித்தவர். மீன்பிடிக்கிற கரையில் றொக் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு, இத்தாலிக்குப் போன சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்த கசெட்டுகளில் வந்தது என்பதுதான் பதில். அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இங்கிலீஷ் பாட்டில் ஒரு சொல்கூட விளங்காது. ஆனால் கிற்றார் மட்டும் வருகிற இடம் வந்ததும் கசெட்டை நிறுத்தி, திரும்பச் சுற்றி, திரும்பக் கேட்டுக் கேட்டு, காது வழியாகவே விரலுக்குக் கொண்டுவந்தார். கடலுக்குப் போகிற இன்னும் சிலரைச் சேர்த்து ஒரு பீட் குறூப் வைத்தார். மாதா கோயில் திருவிழாவில் பூசை முடிந்து மேடை தொடங்கினால், ஆட்டத்துக்கான பைலாப் பாட்டுகளுக்கு நடுவில் அப்பாவுக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவார்கள். முழங்காலில் இருந்து வாசிப்பார். பிடரிக்குப் பின்னால் கிற்றாரைப் பிடித்து வாசிப்பார். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை பலருக்கு அவருடைய தலைமயிரைக் கண்டாலே ஆளைத் தெரியும்.

யுத்த காலத்தில் திருவிழாக்கள் பொழுது படுவதற்குள் முடிந்துவிடும். கடலுக்குப் போகவே நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்த நாட்களில் மேடை கட்டுவதைப் பற்றி யார் யோசிப்பார்கள். குறூப்பின் பெட்டிகள் எல்லாம் எங்கள் வீட்டுப் பின்புறம் படங்குத் துணிக்குக் கீழே கிடந்தன. யுத்தம் முடிந்ததும் எங்கள் கரை முழுவதும் சத்தத்துக்குப் பசித்துக் கிடந்தது போல ஆகிவிட்டது. திருவிழா, கலியாணம், புதுப் படகு இறக்குவது, ஆலங்குடாவில் புதிதாக வந்த ஹோட்டல்களில் வருசப் பிறப்பு என்று எல்லாவற்றுக்கும் அப்பாவைக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வீட்டு உயரத்துக்கு ஏறின. அவற்றுக்குப் பக்கத்தில் நின்று, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, அப்பா இளந்தாரி போல வாசித்தார்.

பிறகு அவருடைய காது போயிற்று. முதலில் இரைச்சல். காற்றுக் காலத்தில் தென்னோலை அடிப்பது போல எந்த நேரமும் கேட்கிறது என்றார். புத்தளத்துக்கு அழைத்துப் போனேன். ஸ்பீக்கர் பக்கமாக நின்ற காது ஏற்கெனவே செத்துவிட்டது, மற்றதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சத்தத்தை விடத்தான் வேண்டும் என்று டொக்டர் சொன்னார். நான் அதை அப்பாவுக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று அவருக்குக் கேட்காததால். மற்றது அவர் கேட்க விரும்பாததால்.

வெளியே ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்றார். தோள் வருத்தம், கையைத் தூக்கினால் வலி என்று சொல்லச் சொன்னார். மீன்காரன் தோள் வருத்தத்தோடு இருக்கலாம், பாட்டுக்காரன் செவிடாக இருக்கலாமா என்பது அவருடைய கணக்கு.

அதற்குப் பிறகுதான் பழைய பெட்டிக் கிற்றாரை எடுத்தார். விடியற்காலையில் வயர் எதுவும் கொழுவாமல், கேட்கிற காதை மரப்பெட்டியின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். அந்தப் பாட்டுகளுக்குச் சொல் இல்லை. வேகமும் இல்லை. விரல் கம்பியில் இழுபடுகிற சத்தம் கேட்கும். சில இடங்களில் அவர் மூச்சு விடுவதும் கேட்கும். நான் அதுவரை அவருடைய வாசிப்பைக் காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன். இது வேறு ஆள் வாசிப்பது போல இருந்தது. சொந்த மகள் என்பதற்காகச் சொல்லவில்லை: நல்ல வாசிப்பு அது. ஆரவாரம் எல்லாம் கழிந்துபோன பிறகு ஒரு மனிதனிடம் மிஞ்சியிருந்ததை அவர் வாசித்தார்.

சிலாபத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் அதைப் பதிந்தோம். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான் மட்டும்தான். ஆலங்குடாவில் கடலோர ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷில் கதைக்கும்போது சமையலறையில் உள்ளவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது. அந்த ஹோட்டல் கம்பியூட்டரிலேயே அட்டையைச் செய்தேன். ஒரு பாட்டுக்குத் தென்மேற்குக் காற்றின் பெயரைச் 'சோளகம்' என்று வைத்தேன். இன்னொன்றுக்கு 'அலை இல்லாத நாள்'. அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "பேரெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை, கேட்டா போதும்" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். யாராவது இருந்து கேட்க வேண்டும். ஆடுவதற்காக இல்லை, குடிக்கும்போது பின்னால் ஓடுவதற்காகவும் இல்லை. ஒரு மனிதன் இருந்து, கேட்டு, முடிந்ததும் ஏதாவது சொல்ல வேண்டும். அதற்காகச் சீடியைச் சும்மா கொடுத்துவிட்டு, சில நாளில் போய்க் கேட்டு வருவார்: "கேட்டியா? எப்பிடி?"

குறூப்பின் ட்ரம்ஸ்காரர் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா எப்ப தொடங்குது?"

கோயில் சுவாமி, தியானத்துக்கு உகந்தது என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்தார். தியானத்தில் யார் பாட்டைக் கேட்கிறார்கள் என்பது அவருடைய கவலை.

அம்மா மீன் வெட்டிக்கொண்டு கேட்டாள். "காதுக்கு நல்லதுதான். வயித்துக்கு நல்லதாத் தெரியேல்ல" என்றாள். அவளுக்கு நெஞ்சு வருத்தம் தொடங்கியிருந்த காலம் அது. கலியாண வீடுகளுக்கு வாசிப்பதைக் குறைத்துவிட்டு இதைக் கட்டிக்கொண்டு திரிகிறாரே என்பது அவளுடைய ஆத்திரம்.

எங்கள் ஹோட்டல் மனேஜருக்கு மட்டும் அது பிடித்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் போடச் சொன்னார். அதைப் பார்க்க அப்பா ஒரு நாள் வந்து, சமையலறைக்குப் பின்னால் தென்னையோடு ஒட்டி நின்றார். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வந்த இளம் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒரு கிழட்டு வெள்ளைக்காரர் மட்டும் கரண்டியைக் கீழே வைத்தார். அந்தப் பாட்டு முடியும்வரை அதை எடுக்கவில்லை. அப்பா வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு இதைச் சொன்னார். அடுத்த கிழமை முழுவதும் சொன்னார். "பசியோட இருந்த மனுசன், கரண்டிய வெச்சிட்டான்."

அந்தச் சோளகக் காற்றுக் காலத்தில்தான் எதிர்வீட்டு மாமியின் மகன் கடலில் போனான். படகு புரண்டது. மற்றவர்கள் நீந்தி வந்தார்கள். அவனுடைய உடல் பள்ளிவாசல்துறைப் பக்கம் கரை ஒதுங்கியபோதுதான் எடுத்தார்கள். பெட்டியைத் திறக்க முடியாத நிலை.

எங்கள் பக்கத்தில் செத்த வீடு என்றால் முதலில் வருவது ஸ்பீக்கர்தான். பெட்டி வருவதற்கு முன்னமே சவுண்ட்காரர் வந்து, தென்னையிலோ பனையிலோ குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, துக்கப் பாட்டைப் போட்டுவிடுவார். பாட்டைக் கேட்டுத்தான் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றுகிறவர்களுக்கும் அடுத்த ஊருக்கும் சாவு தெரியும். யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லை. பாட்டு நின்றால் அடக்கம் முடிந்தது என்று அர்த்தம்.

அன்றைக்கும் அப்படித்தான் போட்டார். வழக்கமாகப் போடுகிற கோயில் பாட்டுகள். தாய், மகன், கண்ணீர் என்று வருகிற பாட்டுகள். மாமி வெளியே ஓடிவந்து ஸ்பீக்கர் வயரைப் பிடித்து இழுத்தாள். "நிப்பாட்டு! மகனே மகனே எண்டு உனக்கு என்ன பாட்டு? நான் கூப்பிட்டு அவன் எழும்பேல்ல. நீ கூப்பிடப் போறியா?" அவளைப் பிடிக்க நாலைந்து பெண்கள் வேண்டியிருந்தது.

சவுண்ட்காரர் பயந்துபோனார். பாட்டு இல்லாமல் செத்த வீட்டை விடவும் முடியாது. சொல் உள்ள எதையும் போடவும் முடியாது. அப்பா அபிப்பிராயம் கேட்டுக் கொடுத்துவிட்டுப் போன சீடி அவருடைய பெட்டிக்குள் கிடந்தது. அதில் சொல் இல்லை என்பது அவருக்குத் தெரியும். போட்டார்.

மாமி அழுவதை நிறுத்தவில்லை. ஆனால் கத்துவதை நிறுத்தினாள். நிலத்தில் இருந்து, பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, அடக்கத்துக்குத் தூக்கும்வரை அந்தப் பாட்டோடு இருந்தாள். முழு ஊரும் அதைப் பார்த்தது.

அப்பாவும் பார்த்தார். அன்றைக்கு மட்டும் 'எப்பிடி?' என்று யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளையை இழந்த வீட்டில் அதையா கேட்பது.

அடுத்த செத்த வீட்டில், "அந்தப் பெடியனுக்குப் போட்டதப் போடுங்க" என்றார்கள். அதற்கடுத்ததிலும் கேட்டார்கள். சவுண்ட்காரர் அதைப் பென் ட்ரைவில் ஏற்றிக்கொண்டார். கொஞ்சக் காலத்தில் எங்கள் கரையில் அது இல்லாமல் ஒருவரும் செத்த மாதிரி இல்லை.

ஹோட்டலுக்கு என்னை ஏற்றிப் போகிற த்ரீவீல்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர். அப்பாவின் சீடியை விரும்பி வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடியவர். ஒரு நாள் அதைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"குறை நெனைக்க வாணாம் தங்கச்சி. நல்ல பாட்டு. ஆனா சந்தையால ஒரு பொம்புளய ஏத்திட்டு வாறன், பாதி வழியில என்ட தோளத் தட்டி, 'எறக்கி உடுங்க தம்பி, ஒங்கட ஊட்டுல ஆரோ மௌத்து போல'ன்டு செல்லுறா. ரெண்டு பேர் ஏறாமலே போய்ட்டாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஹோட்டலிலும் நின்றது. சமையல்காரரின் தகப்பன் செத்து, அந்த வீட்டிலும் அதுதான் ஓடியது. வேலைக்குத் திரும்பி வந்த நாள் அவர் தோசைக் கரண்டியை வைத்துவிட்டு மனேஜரிடம் போய், "சேர், அதப் போட்டுக்கொண்டு எனக்கு முட்டை பொரிக்க ஏலாது" என்றார். மனேஜர் வேறு ஏதோ போடச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. அதை வீட்டில் சொல்லும் வேலை என்னுடையதாயிற்று.

அதன் பிறகு கலியாண வீடுகள் விலகின. ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மண்டபத்தில் வேறு குறூப் என்றார்கள், மாப்பிள்ளை வீட்டாரின் விருப்பம் என்றார்கள். ஒரு மணப்பெண்ணின் தாய் மட்டும் அம்மாவிடம் சந்தையில் சொன்னாள்: "அவர் மேடையில ஏறினா எனக்குச் செத்த வீட்டு வெள்ளைக் கொடிதான் கண்ணுக்க வருது அக்கா. நான் என்ன செய்ய?" திருவிழாவுக்கும் சிலாபத்திலிருந்து இளம் குறூப் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்பா அதைப் பார்க்கப் போகவில்லை. ஆனால் வீட்டில் இருந்தும் தப்ப முடியவில்லை. செத்த காதிலும் விழுகிற அளவுக்கு அவர்கள் வாசித்தார்கள்.

அப்பா ஒரு நாள் சவுண்ட்காரரிடம் போனார். நானும் கூடப் போனேன். செவிடர்கள் கதைப்பது போல அப்பா அப்போது உரத்துத்தான் கதைப்பார்.

"அத இனிப் போடாத."

"அண்ணே, சனம் கேக்குது."

"என்ட பாட்டு. நான் சொல்றன், போடாத."

"நான் விட்டா? முந்தல் பக்கம் இருக்குது, சிலாபத்தில இருக்குது, எல்லா சவுண்ட்காரன்ட பென் ட்ரைவிலயும் இருக்குது. சிங்களச் செத்த வீட்டுக்கும் போகுது. அதில சொல் இல்ல தானே அண்ணே, எந்தச் சாவுக்கும் சரிவரும்."

அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அப்பா திரும்பி நடந்தார். சாவுக்குச் செய்ததில்லை அது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிற்றாரை அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டார். முழு நேரமாகக் கடலுக்குப் போனார். மிஞ்சிக் கிடந்த சீடிகளை அம்மா நூலில் கோத்து மிளகாய்த் தோட்டத்தில் கிளி கலைக்கக் கட்டினாள். வெயிலில் அவை பளபளவென்று ஆடின. கிளிகள் வரவில்லை. அப்பா தோட்டத்துப் பக்கம் போவதை விட்டார்.

அம்மா செத்தது ஒரு மத்தியானம். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் கதிரையில் வந்து இருந்தாள். இருந்தபடியே போனாள். வாகனம் பிடித்துப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து உடலோடு திரும்பி வந்தபோது சவுண்ட்காரர் குழாய் ஸ்பீக்கரோடு முற்றத்தில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியதும் இல்லை, அதுதான் முறை.

அப்பா வாகனத்திலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, "அதக் கட்டாத" என்றார்.

"வேற பாட்டுப் போடுறன் அண்ணே."

"ஒண்டும் வேணாம். ஸ்பீக்கர் வேணாம். கொண்டு போ."

எங்கள் வீடு பாட்டில்லாமல் செத்த வீடானது. வெள்ளைக் கொடி கட்டினோம், கதிரை போட்டோம், தேத்தண்ணி வைத்தோம். அயலவர்களைத் தவிர ஆட்கள் வரவில்லை. கரையில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அம்மாவின் சொந்தத் தம்பி எங்கள் ஒழுங்கையால் மீன் கூடையோடு போனவர், கொடியைக் கண்டுதான் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அக்கா செத்ததை நான் கொடியைப் பார்த்தா அறியிறது? ஒரு பாட்டுப் போட உங்களுக்கு என்ன கேடு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கஞ்சத்தனம் என்று முற்றத்தில் கதைத்தார்கள். குடும்பத்துக்குள் ஏதோ இருக்கிறது என்றும் கதைத்தார்கள். நான் அம்மாவின் தலைமாட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். வெறும் கதிரைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை சனத்துக்கு மீன் வெட்டிக் கொடுத்தவள், இத்தனை வீட்டுச் சாவுக்குப் போய் இருந்தவள்.

அப்போது எதிர்வீட்டு மாமி எழுந்தாள். உடல் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பக்கத்தை விட்டு நகராமல் இருந்தவள். நேரே அப்பாவின் முன்னால் போய் நின்றாள். எந்தக் காது கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கமாகப் போய்த்தான் நின்றாள்.

"ஏன் போடேல்ல?"

அப்பா முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

"என்ட பிள்ளைக்குப் போட்டது உங்கட பொஞ்சாதிக்கு ஆகாதோ? எங்கட சாவுக்கெண்டா சரி, உங்கட வீட்டுக்கெண்டா தரித்திரமோ?"

"அது சாவுக்கு வாசிச்சதில்ல" என்றார் அப்பா.

"என்ட பிள்ளையும் சாவுறதுக்குப் பெத்ததில்ல."

மாமியின் குரல் இறங்கியது. "அண்டைக்கு அது இல்லாட்டி நான் கடலுக்க போயிருப்பன் அண்ணே. நான் அதைக் கேட்டது போல நீங்க ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டீங்க. வாசிச்ச நீங்களும்."

அப்பா அம்மாவின் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேலிக்கு வெளியே, போகவும் மனமில்லாமல் நின்றுகொண்டிருந்த சவுண்ட்காரரைக் கையால் கூப்பிட்டார்.

பாட்டுத் தொடங்கியதும் ஊர் வந்தது. கரையிலிருந்து ஈரக் காலோடு வந்தார்கள். ஹோட்டல் சமையல்காரர் வந்தார். த்ரீவீல் நானா வேலிக்கரையில் தொப்பியோடு நின்றார். செத்த வீட்டு வழக்கப்படி கடதாசி விளையாடக் குந்தியவர்கள் சீட்டைக் கலைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஸ்பீக்கர் கட்டிய தென்னைக்கு அடியில், கேட்கிற காதை மேலே திருப்பிக்கொண்டு இருந்தார். அவருடைய சீடியை ஊர் முழுவதும் இருந்து, ஒரு சொல்கூடக் கதைக்காமல், தொடக்கம் முதல் கடைசி வரை கேட்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். முடிந்தது. திரும்பத் தொடங்கியது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

அடக்கம் முடிந்து வந்த பிறகு சவுண்ட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் வந்தார். தயங்கித் தயங்கித்தான் தொடங்கினார்.

"அண்ணே, இப்ப கேக்கக் கூடாது. ஆனா பிறகு எனக்குக் கேக்க வாய் வராது."

"கேள்."

"இது ஒரு மணித்தியாலம்கூட இல்ல. நாள் கணக்கில வைக்கிற செத்த வீட்டில சுத்திச் சுத்தி இதேதான் வருது. சனத்துக்கு மனப்பாடம். நீங்க இன்னொண்டு வாசிச்சுத் தந்தா…"

அவரை அடித்து விரட்டுவார் என்றே நினைத்தேன். நானே ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என் பக்கம் பார்க்கவில்லை. மண்ணில் கிடந்த வயரின் நுனியை எடுத்து, மண்ணைத் துடைத்து, அவருடைய கையில் கொடுத்தார்.

"சின்னப் பிள்ளையள் செத்தாலும் இதத்தான் போடுறியா?"

"ஓம் அண்ணே. வேற என்ன இருக்குது?"

அப்பா இடக்கை விரல் நுனிகளைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"அதுக்கு இது சரிவராது" என்றார். "அதுக்கு வேற வாசிக்கோணும்."